ஒன்பது பேர்தான், சாப்

போன வாரம் எங்கள் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது.

பம்பாய் செம்பூரில் இருக்கும் எங்கள் கம்பெனியில் அதற்கென்று தனி அறை ஒதுக்கி, ஏ.சி. போட்டு, தரையில் கார்ப்பெட் விரித்து, வாசலில் 'செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று ஒரு போர்டும் மாட்டினார்கள். மானேஜர் தேங்காய் உடைத்தார். நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வெறுங்காலுடன் வரிசையில் நின்று தரிசனம் செய்தோம். தீர்த்தம்தான் கொடுக்கவில்லை.

மறுநாள் எங்களை 'மாற்றத்துக்குத் தயார்படுத்த' ஒருவர் வந்தார். டை கட்டியிருந்தார். ஸ்லைடு போட்டு இரண்டு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசிவிட்டு, கடைசியில் ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். ஒருவர் வாய் திறக்கவில்லை. சந்தேகம் இல்லாமலா? எல்லார் மனதிலும் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இது வந்த பிறகு நான் இருப்பேனா, மாட்டேனா? அதைப் போய் டை கட்டியவரிடம் எப்படிக் கேட்பது... டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம்.

எனக்கு மட்டும் உள்ளூரச் சிரிப்பு. இதே மாதிரி வகுப்பை நானும் நடத்தியிருக்கிறேன். டை கிடையாது, ஸ்லைடு கிடையாது, ஏ.சி. நிச்சயமாகக் கிடையாது. ஆனால் கேள்விகள்! அப்பா... அந்தக் கேள்விகளில் நான் மாட்டிக்கொண்டு முழித்த கதையைச் சொல்லவா? இரண்டு வருஷம் ஆகிவிட்டது. சம்பந்தப்பட்டவர்களின் கோபம் ஆறியிருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது பெர்சனல் டிபார்ட்மென்டில். தொழிலாளர் லீவு, வருகைப் பதிவேடு, அரசாங்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஃபாரம் எல்லாம் என் மேஜையில்தான் பிறந்து வளரும். தொழிற்சாலைச் சட்டத்தை நான் படித்ததில்லை. பத்துத் தடவை டைப் அடித்திருக்கிறேன். படித்தவர்கள் மறந்துவிடுவார்கள், டைப் அடித்தவர்கள் மறக்க மாட்டார்கள். விரல் ஞாபகம்.

எங்கள் கம்பெனி வருஷா வருஷம் ஏஜென்டுகளுக்குத் தோல் பை பரிசு கொடுக்கும். பை தைப்பது தாராவியில் காதர் பாய். சாம்பிள் பார்த்து வருவது என் வேலை. என் வீடு இருக்கும் மாட்டுங்காவிலிருந்து கூப்பிடு தூரம்தான். பாய்க்கு மேலப்பாளையம் பூர்வீகம். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, எப்போதும் யாரையோ சமாதானப்படுத்துவது போன்ற குரல். தகரக் கூரை போட்ட நீளமான ஒரே ஹால். அதில் பதினேழு பேர். பன்னிரண்டு ஆண்கள், ஐந்து பெண்கள். முக்கால்வாசிப் பேர் திருநெல்வேலிப் பக்கம். கையால் தைப்பவர்கள் பாதி, மிதி மெஷினில் தைப்பவர்கள் மீதி.

ஒருநாள் நான் போனபோது ஹாலின் நடுவில் நான்கு புது மெஷின்கள், கோணி கூடப் பிரிக்காமல் நின்றிருந்தன. மோட்டார் வைத்த தையல் மெஷின்கள். வெளிநாட்டுக்குப் பை அனுப்பும் ஒரு ஏஜென்ட் பெரிய ஆர்டர் கொடுத்திருக்கிறார். தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டுமாம். மோட்டார் இல்லாமல் அது நடக்காது.

"மேடம், நம்ம ஆளுங்க இந்த மிஷினைப் பாத்தா பேயைப் பாத்த மாதிரி ஒதுங்குதாங்க. கூட வந்த புஸ்தகம் இங்கிலீஷ்ல இருக்கு. நாலு ஞாயித்துக்கிழமை வந்து படிச்சுச் சொல்லிக் குடுத்தியள்னா புண்ணியமாப் போவும்" என்றார் பாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, கூடவே கொஞ்சம் சட்டமும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொழிலாளிக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க விரும்பும் முதலாளியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? டெல்லியில் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள், இனிமேல் கெடுபிடி அதிகம் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்த சமயம் அது. பாய் முன்யோசனைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தோல் கைப்பை இனாமாகத் தருவதாகவும் சொன்னார். அதற்காக ஒப்புக்கொள்ளவில்லை... சரி, அதற்காகவும்தான்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் பேப்பரை இறக்காமலே, "உனக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார். அவர் இதுவரை தப்பாகச் சொன்னதில்லை. நானும் இதுவரை கேட்டதில்லை.

முதல் ஞாயிறு. பதினேழு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஸ்டூலில். மெஷின் புத்தகத்தை விரித்து, துணியை அமுக்கிப் பிடிக்கும் இரும்புத் துண்டின் ஆங்கிலப் பெயரை மனதுக்குள் மொழிபெயர்த்து, "தோலை அழுத்துபாதத்தின் கீழ் வைக்கவும்" என்று கணீரென்று வாசித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் நிதானமாகக் கேட்டாள்: "யாரு பாதம், டீச்சர்?"

ஹாலே சிரித்தது. அவள்தான் செல்லத்தாய். முப்பத்தைந்து வயது இருக்கும். கோவண்டியிலிருந்து தினமும் வருகிறவள். ஓரம் மடித்துச் சொல்யூஷன் தடவி ஒட்டுவது அவள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நான் ஒரு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் அதில் இருக்கும் ஓட்டையைக் கண்டுபிடித்து விரலை விட்டுவிடுவாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டுக்காரர் பேச்சிமுத்து. கைத்தையல்காரர். பாயிடம் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். வாயே திறக்க மாட்டார். தம்பதிக்குள் பேச்சு ஒரே பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்.

புத்தகத்தை மூடிவிட்டேன். மெஷினையே தொட்டுக் காட்டுவது என்று முடிவு செய்தோம். அதாவது, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையும் அவர்களுக்குத் தெரிந்த தையலையும் சேர்த்து ஒரு மாதிரி ஒப்பேற்றினோம். மோட்டார் மெஷின் மிதி மெஷின் மாதிரி இல்லை. காலை அமுக்கினால் அவ்வளவுதான், தடதடவென்று ஓடி, வைத்த தோலை விழுங்கிவிடும். பேச்சிமுத்து முதலில் உட்கார்ந்தார். ஒரு மிதி. தோல் போனது, பின்னாலேயே அவருடைய சட்டைக் கை போனது. பக்கத்தில் இருந்தவர் சுவிட்சை அணைத்திருக்காவிட்டால் விரலும் போயிருக்கும். மனிதர் வெளிறிப் போய் எழுந்து, தன் பழைய மூலைக்குப் போய் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க மெஷின் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்து உட்கார்ந்தவள் செல்லத்தாய். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகினாள். காலை வைத்தாள், ஆனால் மிதிக்கவில்லை. தூங்கும் குழந்தையைத் தொடுவது போல் தொட்டாள். மெஷின் முனகியது. இன்னும் கொஞ்சம். நடந்தது. அரை மணி நேரத்தில் ஒரு பையின் ஓரத்தை நேர்கோடாகத் தைத்துவிட்டு, திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

இனிமேல் சட்டம். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சிலபஸைச் சொன்னார். ஒரே வரி. யாராவது ஆபீசர் வந்து எத்தனை பேர் என்று கேட்டால், ஒன்பது என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் பின்வாசல் வழியாக வெளியே போய்விட வேண்டும். அவ்வளவுதான் சட்டம்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கரண்ட் இல்லாமல் வேலை செய்தால் இருபது பேர் சேரும் வரை சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலை இல்லை. கரண்டில் ஓடும் மெஷின் வைத்துவிட்டால் பத்துப் பேரே போதும், தொழிற்சாலை. ஆக, பாய் வாங்கிய நான்கு மெஷின்கள் வெறும் மெஷின்கள் இல்லை. கோணிக்குள் சட்டமும் சுருண்டு படுத்திருந்தது.

நான் அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு குறும்பு தோன்றியது. ஒன்பது என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பதானால், ஏன் ஒன்பது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாமா? ஒரு நல்ல டீச்சர் காரணத்தை மறைக்கலாமா?

"எத்தனை பேர்னு கேட்டா ஒன்பதுன்னு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"ஏன், டீச்சர்?" செல்லத்தாய்தான், வேறு யார்.

பத்து என்றால் இது ஃபாக்டரி ஆகிவிடும் என்றேன். ஃபாக்டரி ஆனால் என்ன என்றாள். இருபது நாள் வேலைக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு. நேரம் கடந்து வேலை என்றால் இரட்டைக் கூலி. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. மெஷினில் சுற்றும் பாகத்துக்கெல்லாம் மூடி. முதலுதவிப் பெட்டி. பெண்களுக்குத் தனிக் கக்கூஸ்...

கக்கூஸ் என்றதும் ஐந்து பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். லீவுக்கும் கூலிக்கும் அசையாதவர்கள். இரண்டு சந்து தள்ளி இருக்கும் முனிசிபாலிட்டி கக்கூஸில் வரிசையில் நின்று வர முக்கால் மணி நேரம் ஆகும். அதனால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்களாம். இதை அவர்கள் சொன்ன விதத்தில் புகார் கூட இல்லை. எனக்குத்தான் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் ஆபீஸில் கக்கூஸ் சுவரில் கண்ணாடி சின்னதாக இருக்கிறது என்று நான் அதற்கு முந்தின மாதம்தான் மனுக் கொடுத்திருந்தேன்.

ஒருவர் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைக் காட்டி, அதுவும் கரண்ட்தானே, அப்படியென்றால் இத்தனை நாளும் நாம் ஃபாக்டரிதானா என்று கேட்டார். விளக்கும் ஃபேனும் சேர்த்தி இல்லை, வேலையைச் செய்யும் கரண்ட்தான் சேர்த்தி என்றேன். முதலாளியின் மச்சான் தோல் வெட்டிக் கொடுக்கிறாரே, அவரும் தலைக்கணக்கா என்றார் இன்னொருவர். அவரும்தான்.

செல்லத்தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாந்தமாகச் சொன்னாள்: "அப்ப பத்துன்னே சொல்லிரலாமே, டீச்சர்."

வகுப்பு அத்தோடு முடிந்தது. பாய் அப்போது தொழுகைக்குப் போயிருந்தார். என் அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஞாயிறும் இப்படியே போனது. மூன்றாவது ஞாயிறு உள்ளே நுழைந்தவள் திகைத்து நின்றேன். ஹாலின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு பிளைவுட் சுவர்! வார்னிஷ் கூடக் காயவில்லை. இந்தப் பக்கம் பாய் பேரில் ஒரு போர்டு. அந்தப் பக்கம் பாயின் மனைவி பேரில் ஒரு போர்டு. இந்தக் கம்பெனியில் மோட்டார் உண்டு, ஒன்பது பேர். அந்தக் கம்பெனியில் மோட்டார் கிடையாது, எட்டுப் பேர். பின்வாசல் ஓட்டம் சரிப்படாது என்று யாரோ பாய்க்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். எட்டுப் பேரும் இனி 'ஒன்பது' என்று சொல்லக் கூடாது, 'எட்டு' என்று சொல்ல வேண்டும் என்று அவரே பாடத்தைத் திருத்தியும் விட்டார்.

சுவர் கட்டுவது சுலபம். அதற்குப் பிறகு குடும்பம் நடத்துவதுதான் கஷ்டம். தண்ணீர்ப் பானை அந்தக் கம்பெனியில் மாட்டிக்கொண்டது, வாசல் இந்தக் கம்பெனியில். ஒட்டிய தோலைக் கொடுத்து வாங்கச் சுவரில் ஒரு ஓட்டை போட்டார்கள். செல்லத்தாய் மோட்டார் கம்பெனி, பேச்சிமுத்து கைத்தையல் கம்பெனி. இருவருக்கும் ஒரே டிபன் கேரியர். சோறு இங்கே, குழம்பு அந்தப் பக்கம், ஓட்டை வழியாகப் போக்குவரத்து. "இவுக வேற கம்பெனில இருக்காவ, டீச்சர். இனிமே பேசுதுக்கு முன்னால முதலாளிகிட்ட கேக்கணும்" என்றாள் செல்லத்தாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆனால் கிளம்பும்போது வாசல் வரை கூடவே வந்தாள். அப்போது சிரிப்பு இல்லை. இந்த ஆர்டர் முடிந்ததும் அந்தப் பக்கத்துக் கம்பெனியையே மூடிவிடப் போவதாகக் காதில் விழுந்ததாம். மோட்டார் இருக்கும்போது கைத்தையல் எதற்கு? எட்டுப் பேரும் அங்கே வேலை பார்த்தார்கள் என்பதற்கு எந்த ஏட்டிலும் பெயர் கிடையாது. போ என்றால் போக வேண்டியதுதான். பேச்சிமுத்து மோட்டாரைத் தொட மாட்டேன் என்கிறார். பெண்டாட்டியிடம் கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்கிறார். "அவுகளுக்கு மிஷின் மேல உள்ள பயத்தை விட, நான் ஓட்டுதேன்லா, அதுதான் பெரிய பயம்" என்றாள்.

சமாதானமாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அவ்வளவு உருப்படியான சமாதானம்.

அதற்கடுத்த சனிக்கிழமை எனக்கு அரை நாள் ஆபீஸ். சாம்பிள் பார்க்க மத்தியானம் போயிருந்தேன். பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு குரல். திரும்பினால்... தொழிற்சாலை இன்ஸ்பெக்டர். எனக்குத் தெரிந்தவர். அதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் கம்பெனிக்கு வந்து, நான் எடுத்துக் கொடுத்த ரிஜிஸ்டர்களைப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போன மனுஷர். மராட்டிக்காரர். அமைதியானவர். டீ கூடக் குடிக்க மாட்டார். அந்த வகை இன்ஸ்பெக்டர்கள்தான் ஆபத்து.

நான் சட்டென்று தோல் ரோல்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பாய் பதறாமல் வரவேற்று, இரண்டு போர்டையும் காட்டினார். இன்ஸ்பெக்டர் மோட்டார் பக்கம் வந்து, செல்லத்தாயிடம் எத்தனை பேர் என்று இந்தியில் கேட்டார். அவள் பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஒன்பது என்றாள். எண்ணினார். ஒன்பது. பாயின் முகத்தில் நிலா உதித்தது.

அந்தப் பக்கம் போனார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவர் பேச்சிமுத்து. அவரிடம் அதே கேள்வி.

பேச்சிமுத்து எழுந்து நின்றார். கை கட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நௌ ஆத்மி, சாப்."

ஒன்பது பேராம். இன்ஸ்பெக்டர் எண்ணினார். எட்டு. மறுபடி எண்ணினார். எட்டுதான். ஒன்பதாவது ஆள் எங்கே என்று கேட்டார். பேச்சிமுத்து கண்ணைத் திறக்காமலே பிளைவுட் சுவரைக் காட்டினார்.

"மேரி கர்வாலி, சாப். உதர் ஹை."

வீட்டுக்காரி அந்தப் பக்கம் இருக்கிறாளாம். ஏன் அந்தப் பக்கம் இருக்கிறாள் என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. பன்னிரண்டு வருஷமாகப் பேசாத மனிதர் பேச ஆரம்பித்தார். பத்து ஆகிவிட்டால் ஃபாக்டரி, சாப். ஃபாக்டரி ஆனால் இருபது நாளுக்கு ஒருநாள் சம்பளத்தோடு லீவு. அதிக நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஐந்து மணி நேரத்துக்கு அரை மணி ஓய்வு. சுற்றும் பாகத்துக்கு மூடி. மருந்துப் பெட்டி. பெண்களுக்குத் தனிக் கக்கூஸ். ஃபேன் சேர்த்தி இல்லை, சாப். முதலாளியின் மச்சான் சேர்த்தி...

பம்பாய் இந்தியில், ஒரு வரி விடாமல், நான் சொன்ன அதே வரிசையில் ஒப்பித்தார். படிக்கத் தெரியாதவரின் ஞாபகசக்தி என் டைப்பிங் விரலை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஹாலில் மெஷின் சத்தம் நின்றுவிட்டது. பாய் சுவரில் சாய்ந்தார். பிளைவுட் லேசாக ஆடியது.

இன்ஸ்பெக்டர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்றார்.

பேச்சிமுத்து அப்போதுதான் கண்ணைத் திறந்தார். நேராகத் தோல் ரோல்களைக் காட்டினார். "ஹமாரா டீச்சர், சாப்."

கையில் சாம்பிள் பையுடன் வெளியே வந்தேன். வேறு வழி?

"மேடம், தும்ஹி இத்தே?" என்றார் இன்ஸ்பெக்டர், தன் தாய்மொழிக்கே போய்விட்டு. நீங்களா, இங்கேயா? பை வாங்க வந்தேன் என்றேன். பொய்யில்லையே. ஆனால் உள்ளங்கை வியர்த்து, புதுத் தோலில் ஐந்து விரலும் பதிந்துவிட்டது. எங்கள் மானேஜருக்கு இவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெர்சனல் டிபார்ட்மென்ட் ஆசாமி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் தலைக்கணக்கைக் குறைத்துச் சொல்லப் பயிற்சி அளிக்கிறாள் என்று.

அவர் சுவரை விரலால் தொட்டார். ஆறு நாளாகியும் காயாத மட்டமான வார்னிஷ் ஒட்டியது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். பாயிடம் திரும்பி, இது ஒரே இடம், ஒரே வேலை, பதினேழு பேர் என்று எழுதிக்கொண்டார். ஒரு மாதத்துக்குள் லைசென்ஸுக்கு மனுப் போட வேண்டும், இல்லையென்றால் கோர்ட் என்றார். போகும்போது என்னிடம், தான் சோதனைக்குப் போகும் பெரிய கம்பெனிகளில் கூடச் சட்டம் இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த தொழிலாளியைப் பார்த்ததில்லை என்றார். பாராட்டா, குத்தலா? இன்றுவரை தெரியவில்லை.

அவர் தலை மறைந்ததும் பாய் என் பக்கம் திரும்பினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"மேடம், உங்களைப் பாடம் எடுக்கக் கூப்பிட்டேன். நீங்க என்னையே பாடமா எடுத்துட்டியளே" என்றார்.

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி அறிவித்தார். ஃபாக்டரி நடத்த அவரால் ஆகாது. ஒன்பது பேர் போதும். அந்தப் பக்கத்து எட்டுப் பேரும் திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம்.

பேச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குறும்பு செய்தது நான். தெருவில் நிற்கப் போவது அவரா?

செல்லத்தாய் மெஷினிலிருந்து எழுந்தாள். முந்தானையைச் செருகிலிருந்து எடுத்து உதறினாள்.

"முதலாளி, நாலு மிஷின் வாங்கிப் போட்டிருக்கிய. ஓட்டத் தெரிஞ்ச ஆளு மூணு. அதுல ரெண்டு பேரு புருஷன் அந்தப் பக்கம் நிக்கான். அவுக திங்கக்கெழமை வரலைன்னா நாங்களும் வரல்ல. மிச்ச ஏழு பேரை வச்சு ஆர்டரை முடிச்சிருவியளா?"

அவளுக்குப் பின்னால் இன்னொரு மெஷினும் நின்றது.

பாய் கொடியவர் இல்லை. இதைச் சொல்ல வேண்டும். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சயான் ஆஸ்பத்திரிக்குத் தானே டாக்ஸி பிடித்துக் கொண்டுபோகிறவர். அவருக்கு ஆட்கள் மேல் வெறுப்பு இல்லை. ஃபாரம் மேல்தான் பயம். பேச்சிமுத்துவுக்கு மோட்டார் எப்படியோ, அப்படி பாய்க்கு அரசாங்கக் காகிதம். கையை வைத்தால் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று. அவர் மெஷின்களைப் பார்த்தார், செல்லத்தாயைப் பார்த்தார், ஆர்டர் தேதி எழுதிய காலண்டரைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் கேட்டார்: "மொத்தம் எத்தனை ஃபாரம், மேடம்?"

சொன்னேன்.

"ஒண்ணைக்கூட நான் தொட மாட்டேன். நீங்கதான் வந்து ரொப்பணும்."

ஆக, நான்கு ஞாயிறு என்று ஒப்புக்கொண்டவள் பதினோரு ஞாயிறு போனேன். கைப்பை? அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அந்த ஞாயிறுகளில்தான் பேச்சிமுத்து மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டார். செல்லத்தாயின் முறை எந்தப் புத்தகத்திலும் இல்லாதது. நூலும் இல்லை, தோலும் இல்லை. பழைய பேப்பரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்து, கோட்டின் மேலேயே ஊசி ஓட்டை விழ வேண்டும் என்றாள். அவர் தைக்கும்போது அவள் பக்கத்தில் நிற்க மாட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பாள். சத்தத்தை வைத்தே, "மெதுவா" என்பாள். அவ்வளவுதான். ஐந்தாவது ஞாயிறு அவர் ஒரு பையின் வாயை முழுக்கத் தைத்து, யாரிடமும் காட்டாமல், தைத்த பைகளின் குவியலுக்குள் செருகினார். செல்லத்தாய் அதைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மற்ற ஏழு பேரில் ஐந்து பேர் கற்றுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு வரவில்லை. கைப்பிடி தைப்பதற்கு எப்படியும் கை வேண்டும் என்று பாயே வைத்துக்கொண்டார்.

லைசென்ஸ் வந்தது. மெஷின் பெல்ட்டுக்கு மூடி வந்தது. பிளைவுட் வீணாகவில்லை. பின்பக்கம் பெண்களுக்குக் கக்கூஸ் கட்டினார்கள். கதவு அதில்தான் செய்தார்கள்.

ஒரு விஷயம் மட்டும் என்னை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்குப் பேச்சிமுத்து பயத்தில் உளறினாரா? ஒருநாள் செல்லத்தாயிடமே கேட்டுவிட்டேன். பயத்தில்தான் என்றாள் உடனே. அப்புறம் சொல்யூஷன் டப்பாவைக் கிளறிக்கொண்டே, தினமும் கோவண்டிக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் தான் பாடம் சொல்வதாகவும், அவர் திருப்பிச் சொல்வதாகவும் சொன்னாள். "எட்டுன்னு மாத்திச் சொன்னாவல்லா முதலாளி, அந்த ஒண்ணை மட்டும் நான் அவுகளுக்குச் சொல்ல மறந்துட்டேன், டீச்சர்."

மறந்துவிட்டாளாம். நானும் நம்பிவிட்டேன்.

ஒரு கூட்டத்தை மாற்றத்துக்குத் தயார்படுத்துவது எப்படி என்று பெரிய பெரிய கட்டுரைகள் வருகின்றன. நான் பார்த்த வரையில் விஷயம் சின்னது. மெஷினில் எந்த இடத்தில் கை வைக்கக் கூடாது, சட்டத்தில் எந்த இடத்தில் கை வைக்கலாம்... இந்த இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டால் போதும். மீதியை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சில சமயம் நமக்கும் சேர்த்து.

என் கடைசி ஞாயிறு அன்று பேச்சிமுத்து தயங்கித் தயங்கி வந்தார். அந்த இடத்தின் முதல் லீவு விண்ணப்பம். ஒருநாள் லீவு, சம்பளத்தோடு. நான்தான் எழுதித் தர வேண்டுமாம். எழுத ஆரம்பித்து, காரணம் என்ன என்று கேட்டேன். சும்மா வீட்டில் இருக்க வேண்டும் என்றார். அதை எப்படி எழுதுவது, உடம்பு சரியில்லை என்று போடட்டுமா என்றேன்.

"காரணம் எழுதணும்னு சட்டத்துல இருக்கா, டீச்சர்?" என்றார்.

விரலால் யோசித்துப் பார்த்தேன். இல்லை. காரணம் இல்லாமலே எழுதினேன். பாய் ஒரு பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதம் எனக்கும் ஒருநாள் லீவு வேண்டியிருந்தது. சும்மாதான். பதினான்கு வருஷ சர்வீஸில் முதல் தடவையாகக் காரணம் போடாமல் விண்ணப்பத்தை டைப் அடித்து உள்ளே அனுப்பினேன். மானேஜர் கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். காரணத்தைக் காணோமே என்றார்.

நிமிர்ந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"லேசா ஜுரம், சார்."